பேத்தை மீனுக்கு எத்தனை கை உப்பு

மாட்டுங்காவில் எங்கள் கட்டிடத்துக்குப் பதினோரு வருஷமாக நான்தான் செக்ரட்டரி. பெயர் வெங்கடராமன். நோட்டீஸ் எழுதுவதென்றால் எனக்கு உயிர். மாடிப்படியில் செருப்பு வைக்காதீர்கள் என்பதை மூன்று பாஷையில், ஏழு பாராவில் எழுதி ஒட்டியவன் நான். ஆனால் எதிர் பிளாட் அம்மிணி மாமியிடம் "உங்கள் சாம்பாரில் உப்பு சரியில்லை" என்று ஒரு வரி சொல்ல மூன்று வருஷமாக எனக்கு வாய் வரவில்லை.

மாமிக்கு அறுபத்தொரு வயது. பாலக்காட்டுக் குடும்பம், பிறந்தது செம்பூரில். சமையல்தான் தொழில். கல்யாணம், சீமந்தம், சஷ்டியப்தபூர்த்தி, பஜனை சமாஜத்து ராமநவமி, எல்லாவற்றுக்கும் அவர்தான். கூடமாட மாதவ் என்று ஒருவர், பரிமாற நாலு பேர். சுவாமிக்கு நைவேத்தியம் ஆகும் முன் சமையலை யாரும் ருசி பார்க்கக் கூடாது என்பது எங்களவர் வழக்கம். அறுநூறு இலைக்கு ரசம் கொதித்துக்கொண்டிருக்கும், ஒரு சொட்டு நாக்கில் வைக்க முடியாது. அப்படியானால் உப்பு? மாமி கையால் அள்ளிப் போட்டுக்கொண்டே ஆவியை மூக்கால் இழுப்பார். ஏதோ ஒரு கையில் மணம் மாறும், உடனே நிறுத்திவிடுவார். கை போடும், மூக்கு நிறுத்தும். முப்பது வருஷத்தில் ஒரு நாள்கூட அது தவறியதில்லை.

கோவிட் இரண்டாவது அலைக்குப் பிறகு தவறியது. ஒரு நாள் வாயில் வைக்க முடியாத உப்பு, மறுநாள் உப்பே கிடையாது. அந்த அலையின்போது கதவடைத்துக் கிடந்த வீடுகளுக்கெல்லாம் மாமி தினம் இருநூறு பொட்டலம் சாப்பாடு அனுப்பினார். எனக்குப் பதினேழு நாள் வந்தது. கடைசியில் அவருக்கே வியாதி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். அப்படிப்பட்டவரிடம் போய் உப்பு கூட, குறைச்சல் என்று யார் சொல்வது?

யாரும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக ஊரே சேர்ந்து ஒரு திருட்டு ஏற்பாடு செய்தது. மாதவ், மாமிக்குத் தெரியாமல் உப்பே போடாத சாம்பாரை இரண்டாவது வாளியில் ஒளித்து வைப்பார். பரிமாறுகிறவர்கள் இலைக்கு இலை குனிந்து காதோடு கேட்பார்கள்: "கூடவா, குறைவா?" கூட என்றால் இரண்டாவது வாளி. குறைவு என்றால் வேட்டி மடிப்பிலிருந்து உப்புப் பொட்டலம். மாமி பந்தியைச் சுற்றி வந்து "எப்படி இருக்கு?" என்று கேட்டால் எல்லாரும் ஒரே குரலில் "பேஷ்!" என்போம். எனக்கு மத்தியானச் சாப்பாடு மாமி வீட்டுக் கேரியர் என்பதால் நான் தினமும் ஒரு பேஷ் சொல்லவேண்டியிருந்தது.

போன ராமநவமியில் பாதிப் பந்தியிலேயே இரண்டாவது வாளி தீர்ந்துவிட்டது. மிச்சப் பேர் தண்ணீராகக் குடித்தே வயிற்றை நிரப்பினார்கள். சமாஜக் கமிட்டி கூடித் தீர்மானம் போட்டது: வரும் ராமநவமியிலும் உப்பு தவறினால், பிறகு மாமி வேண்டாம், தாணேயிலிருந்து வேறு ஆட்கள். நானும் கமிட்டி ஆள், எதிர் வீட்டுக்காரன் என்பதால் இதை மாமியிடம் பக்குவமாகச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஒன்பது மாதம் ஆகியும் பக்குவம் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மீன் வந்தது.

மாமியின் பெண் ஹரிதா விக்ரோலியில் வேலை பார்க்கிறாள். ஊர் மாற்றலாகிப் போன சினேகிதி ஒருத்தி விட்டுவிட்டுப் போன மூன்று மீன்களை, அம்மாவுக்குத் துணையாக இருக்கட்டுமே என்று ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். கட்டைவிரல் நீளம், கரும்பச்சை முதுகில் மஞ்சள் கோலம், உருட்டு முழி. மூன்றும் வயிறு கறுத்து மூலையில் கிடந்தன. மாமி டப்பாவை விரலால் ஒரு தட்டுத் தட்டினார். ஒரு மீன் பந்தாக வீங்கி முறைத்தது.

"சம்பந்தி மாதிரின்னா இருக்கு!" என்றார் மாமி. அன்றிலிருந்து மூன்றுக்கும் சம்பந்திகள் என்றே பெயர்.

இரண்டு நாளாகியும் சம்பந்திகள் எதையும் சாப்பிடவில்லை. வந்த விருந்தாளி சாப்பிடாமல் இருந்தால் மாமிக்குத் தூக்கம் வராது. டப்பாவைத் தூக்கிக்கொண்டு குர்லாவுக்குப் புறப்பட்டார். எவனாவது ஏமாற்றினால் புகார் எழுத ஆள் வேண்டும் என்று என்னையும் கூட்டிக்கொண்டார். அங்கே ஷாகுல் ஹமீது என்பவரின் வளர்ப்பு மீன் கடை. திருநெல்வேலிப் பக்கத்து ஆள், முப்பது வருஷமாக பம்பாயில் இருப்பவர். டப்பாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

"இது பேத்தைல்லா! இதைப் போயி நல்ல தண்ணியில வச்சிருக்கியளே! ஆறும் கடலும் சேருத எடத்துல கெடக்குத மீனும்மா இது. தண்ணியில பாதி உப்பு வேணும். இல்லன்னா கொஞ்சங்கொஞ்சமாச் செத்துப்போவும்."

"எவ்வளவு உப்பு?" என்று கேட்டார் மாமி. குரலே மாறிவிட்டது.

ஷாகுல் ஹமீது ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்துத் தண்ணீரில் மிதக்கவிட்டார். உப்பு கூடக் கூட அது மேலே எழும்புமாம், கழுத்தில் எண் போட்டிருக்கும். "ஹைட்ரோமீட்டர். இது ஆயிரத்தெட்டுல நின்னா பேத்தைக்குச் சொகம். நாக்குல வச்சுப் பாக்கவே வேண்டாம், இதுவே சொல்லிரும்."

"லிட்டருக்கு எத்தனை கிராம் வரும்?"

"பத்துப் பன்னெண்டு."

"அது நல்ல ரசத்தோட உப்பாக்கும்," என்றார் மாமி. குழாயைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு நூறு லிட்டர் தொட்டி வேணும்."

"மூணு மீனுக்கு நூறு லிட்டரா? அறுவது போதும்மா."

"எங்க பெரிய அண்டா நூறு லிட்டர்."

அண்டாவுக்கும் தொட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று ஷாகுல் ஹமீது என்னைப் பார்த்தார். எனக்கும் புரியவில்லை. வயசாகிவிட்டது, பாவம், என்று நினைத்துக்கொண்டேன்.

மீன்களைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தோம். தொட்டிக்கு மணல், கிளிஞ்சல் தூள், ஒரு வேர்க்கட்டை, காற்று ஊதும் மோட்டார் எல்லாம் வேண்டுமாம். தண்ணீரில் உப்பைப் போட்டு நாலு வாரம் சும்மா ஓடவிட்டால்தான் அழுக்கைத் தின்கிற கிருமிகள் உண்டாகும், பிறகுதான் மீன். இட்லி மாவுக்குப் புளிக்க நேரம் கொடுக்கிற மாதிரிதானே என்று மாமி ஒரே வரியில் பிடித்துக்கொண்டார். பேத்தைக்குப் பல் வளர்ந்துகொண்டே போகும், ஓட்டோடு நத்தை கடித்தால்தான் தேயும் என்றும் ஷாகுல் ஹமீது சொல்லி, மீன் வருவதற்குள் பெருகட்டும் என்று நத்தைக் குஞ்சுகள் ஒரு பை கொடுத்தார். மாமி அவற்றை ஒரு வாளியில் விட்டு வராந்தாவில் வைத்தார்.

மறுநாளே மூன்றாம் மாடி பானுமதியிடமிருந்து எனக்கு எழுத்தில் புகார். இது சைவக் கட்டிடம், இங்கே நத்தை தின்பது யார்? நான் ஒரு ராத்திரி முழுக்க யோசித்துப் பதில் எழுதினேன். விதி சமைப்பதைப் பற்றித்தான் பேசுகிறது. நத்தை சமைக்கப்படவில்லை. மேலும் சாப்பிடப்போகிறவர்கள் உறுப்பினர்கள் அல்லர், விருந்தினர். அப்படியானால் என் விருந்தினர் கோழி சாப்பிடலாமா என்று பானுமதி திருப்பிக் கேட்டாள். பச்சையாகச் சாப்பிட்டால் கட்டிடத்துக்கு ஆட்சேபமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

தொட்டிக்கு மேஜை செய்து வர ஒரு வாரம் ஆயிற்று. அதற்குள் நத்தைகள் அத்தனையும் செத்துவிட்டன. நாற்றம் என்றால் அப்படி ஒரு நாற்றம்! நாலு மாடியும் கதவைச் சாத்திக்கொண்டன. நான் கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டு ஓடிவந்து பார்த்தால், மாமி அந்த வாளியின் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து நிம்மதியாகக் காப்பி குடித்துக்கொண்டிருக்கிறார்.

"என்ன மாமா, மூக்கைப் பொத்திண்டு?"

மாமி என் கைக்குட்டையைப் பார்த்தார். பிறகு குனிந்து வாளியைப் பார்த்தார். தண்ணீர் கறுத்துக் கிடந்தது.

"நாறறதா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அப்படியொண்ணும் இல்லை. லேசா."

"லேசா," என்றார் மாமி. வாளியைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கிப் போனார்.

எனக்கு விளங்கிவிட்டது. கோவிட்டில் மாமிக்கு மூக்கு போய்விட்டது, ருசியும் போயிருக்க வேண்டும். கை போட்டுக்கொண்டே போகிறது, நிறுத்த ஆளில்லை. அது மாமிக்கு மூன்று வருஷமாகத் தெரிந்திருக்கிறது, யாருக்கும் தெரியக்கூடாது என்று மறைத்திருக்கிறார். நாங்களோ அவருக்குத் தெரியாது என்று நினைத்து, அவரிடமிருந்து மறைத்துக்கொண்டிருந்தோம். இத்தனை கெட்டிக்காரர்கள் ஒரே இடத்தில் சேர்ந்தால் இப்படித்தான் ஆகும். நூறு லிட்டர் எதற்கு என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. அறுநூறு இலைக்கு ரசம் வைக்கிற அளவு அது.

தொட்டியில் உப்புப் போடும் நாள் வந்தது. ஷாகுல் ஹமீது மோட்டாரை மாட்டிவிட்டு, மீன் தொட்டிக்கென்றே விற்கிற கடலுப்புப் பாக்கெட்டைப் பிரித்து வைத்தார். தராசு கொண்டு வரட்டுமா என்று நான் கேட்டேன்.

"தராசு வெச்சுப் போடறதுக்கு மாதவ் போறுமே. நான் எதுக்கு?" என்றார் மாமி. "புளி ஒரு நாள் மாதிரி ஒரு நாள் இருக்காது. பருப்பு இருக்காது. கைதான் பாத்துப் போடணும்."

கண்ணை மூடிக்கொண்டு அள்ள ஆரம்பித்தார். நான் எண்ணினேன். இருபது, முப்பது, நாற்பத்தாறு. குளிர்ந்த தண்ணீர், ஆவியும் இல்லை, மணமும் இல்லை. நாற்பத்தாறில் நிறுத்திவிட்டுக் கண்ணைத் திறந்தார். ஷாகுல் ஹமீது குழாயை மிதக்கவிட்டார். அது குதித்துக்கொண்டு மேலே வந்தது. பழக்கதோஷம், நான் "பேஷ்!" என்றுவிட்டேன்.

"என்னத்த பேஷு?" என்றார் ஷாகுல் ஹமீது. "அம்மா, இது ஆயிரத்திப் பதினேழு. இன்னும் கொஞ்சம் போட்டா சுறாவே வளக்கலாம்."

கூரை இடிந்து விழப்போகிறது என்று நான் சுவரோரம் ஒதுங்கினேன். விழவில்லை. மாமியின் கண் நிறைந்திருந்தது.

"எவ்வளவு கூட? சரியா சொல்லுங்கோ."

"டபுளும்மா."

"டபுள்," என்று மாமி ஏதோ நல்ல சேதி கேட்ட மாதிரி சொன்னார். "மூணு வருஷத்துல எங்கிட்ட உப்பு கூடன்னு வாய்திறந்து சொன்ன மொதல் மனுஷர் நீங்கதான்." உள்ளே போய் அவருக்கு டிகிரி காப்பி கலந்து கொண்டுவந்தார். எனக்குக் கிடையாது.

அதற்குப் பிறகு பன்னிரண்டு நாள் காலையில் அதே கூத்து. தண்ணீரை மாற்று, கண்ணைத் திறந்துகொண்டு கையால் போடு, குழாயை மிதக்கவிடு. ஆயிரத்தி மூன்று. ஆயிரத்திப் பதிமூன்று. ஆயிரத்தி ஆறு. எல்லாவற்றையும் தினசரிக் காலண்டரில் ராகு காலத்துக்குப் பக்கத்தில் குறித்துவைத்தார். கொட்டிய உப்புத் தண்ணீரைக் குடித்துக் கீழே இருந்த கறிவேப்பிலை மரம் செத்துப்போயிற்று. இயற்கை மரணம் என்று நான் செக்ரட்டரி புத்தகத்தில் எழுதினேன். பதின்மூன்றாம் நாள் இருபத்திரண்டு கை. குழாய் ஆயிரத்தெட்டில் நின்றது. மறுநாளும் இருபத்திரண்டு, மறுநாளும் ஆயிரத்தெட்டு. மாமி அந்தத் தண்ணீரை நாலு வாரம் ஓடவிட்டார்.

ராமநவமிக்கு எட்டு நாள் முன்பு ஷாகுல் ஹமீது சம்பந்திகளைக் கொண்டுவந்தார். கூடவே ஆறு உளுவை மீன்கள். சுண்டுவிரலில் பாதிகூட இல்லை, மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்டவை. இறங்கினதும் மணலில் வரிசையாக உட்கார்ந்துவிட்டன, பந்திக்கு இலை போட்டாயிற்று என்கிற மாதிரி. கடையில் வெளுத்திருந்த பேத்தைகளின் வயிறு பயணத்தில் மறுபடி கறுத்துவிட்டது. தண்ணீர் பிடித்துப்போனால் வயிறு வெளுக்கும் என்றார் ஷாகுல் ஹமீது. புதிய நத்தைகளும் வந்தன. மாமி தொட்டி முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. அன்று எனக்குக் கேரியரும் வரவில்லை.

மூன்றாம் நாள் கதவைத் தட்டினார். "வந்து பாருங்கோ மாமா!" மூன்று வயிறும் வெள்ளை வெளேர் என்றிருந்தன. பெரிய சம்பந்தி ஒரு நத்தையைப் பிடித்து 'டக்' என்று கடித்தது வெளியே கேட்டது. "இதுகளுக்கு மரியாதை தெரியாது," என்று மாமி சிரித்தார். "நன்னா இருந்தாத்தான் வெளுக்கும்."

எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, அவமானமாகவும் இருந்தது. மூன்று மீன்கள் செய்த காரியம், படித்து உத்தியோகம் பார்த்த எனக்கு முடியவில்லை.

ராமநவமி. சமாஜத்துச் சமையற்கட்டில் விடியற்காலையிலிருந்தே புகை. மாதவ் வழக்கம்போல இரண்டாவது வாளியை ஈரத்துணி போட்டு மூடி, அடுப்புக்குப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தார்.

"மாதவா, அந்த வாளியைக் கொண்டுபோய்க் கொட்டிடு."

"எந்த வாளி மாமி?"

"மூணு வருஷமா எனக்குத் தெரியாம நீ வெச்சிண்டிருக்கற வாளி."

மாதவ் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. மாமி பரிமாறுகிறவர்கள் பக்கம் திரும்பினார். "நீங்களும்தான். மடியில இருக்கறதை எல்லாம் எடுத்து இங்க வையுங்கோ." ஒவ்வொருவராக வந்து வேட்டி மடிப்பைப் பிரித்து உப்புப் பொட்டலங்களை மேடையில் வைத்தார்கள். போலீஸ் சோதனை போட்ட மாதிரி ஒரு குவியல் சேர்ந்தது. கமிட்டி ஆள் என்கிற முறையில் நான் வாசற்படியில் நின்று வியர்த்துக்கொண்டிருந்தேன். இனி தவறினால் காப்பாற்ற ஒன்றுமில்லை. தவறினால் தாணேக்காரர்கள்.

சாம்பாருக்குப் போட்டு முடித்தார். அடுத்து ரச அண்டா. நான் மனசுக்குள் எண்ணினேன். பதினெட்டு. பத்தொன்பது. உள்ளே பஜனை முடிகிற சத்தம் கேட்டது. "மாமி, நைவேத்தியத்துக்கு நேரமாச்சு!" என்று கத்திவிட்டேன். அப்போது இருபத்திரண்டு ஆகியிருந்தது. மாமி திரும்பிப் பார்த்தார். கை உப்புக்குள் இருந்தது. என்னைப் பார்த்தபடியே இன்னொரு கை போட்டார். உடனே அண்டாவை மூடிவிட்டார்கள்.

பந்தி. பக்கத்து இலையில் ஷாகுல் ஹமீது, மாமி அழைத்து வந்திருந்தார். சாம்பாரை வாயில் வைத்தேன். கச்சிதம். மூன்று வருஷத்துக்கு முந்தைய அதே சாம்பார். பந்தி முழுக்க ஆட்கள், "கூடவா, குறைவா" என்று யாரும் வந்து கேட்காததால் திக்குத் தெரியாமல் விழித்தார்கள். எதிர்வரிசைப் பெரியவர் ஒருவர் பழக்கத்தில் வீட்டிலிருந்து கொண்டுவந்த உப்பைப் போட்டுக்கொண்டு, நல்ல சாம்பாரைத் தானே கெடுத்துக்கொண்டார். கமிட்டிக்காரர்கள் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள், தாணேயைப் பற்றி ஒருவரும் பேச்செடுக்கவில்லை. பிறகு ரசம் வந்தது. ஒரு மடக்குக் குடித்ததும் தெரிந்துவிட்டது. கெட்டுப்போகவில்லை, ஆனால் கொஞ்சம் தூக்கல்.

மாமி வந்து என் இலைக்கு முன்னால் நின்றார். "எப்படி இருக்கு?"

"பேஷ்! எல்லாம் கச்சிதம்."

"இதையேதான் மூணு வருஷமா சொல்லிண்டிருக்கேள்," என்று ஷாகுல் ஹமீது பக்கம் திரும்பினார். அவர் உள்ளங்கையை நக்கிவிட்டு நிதானமாகச் சொன்னார். "சாம்பாரு அருமைம்மா. ரசத்துல உப்பு ஒரு பொடி கூடிட்டு."

வரிசையில் கை நின்றுபோயிற்று. மாமி என்னைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியலையா?"

"தெரிஞ்சுது."

"பின்னே?"

நான் இலையைப் பார்த்தேன். மாமி குரலை உயர்த்தவில்லை. "மூக்கும் நாக்கு ருசியும் போனதைக்கூடத் தாங்கிண்டேன் மாமா. தப்புன்னு எனக்குள்ள தோணிண்டே இருக்கும். யார்ட்ட கேட்டாலும் பேஷ். அந்த வாளி கண்ணுல படற வரைக்கும், எனக்குப் புத்தி பேதலிச்சிருக்கோன்னு நான் பயந்துண்டு படுத்த நாள் எத்தனை தெரியுமோ? எல்லாருமா சேர்ந்து என்னைத் தனியா விட்டுட்டேள்."

அத்தனை நாளும் அவருக்கு நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

"எவ்வளவு கூட?" என்று கேட்டார்.

"ஒரு சிட்டிகை," என்றேன். மாமி அசையவில்லை. "இல்லை மாமி. ஒரு கை. நான் கத்தினப்போ போட்டேளே, அந்தக் கை."

மாமி தன் வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். "மூடினவுடனே எனக்கும் தோணித்து," என்றார். "அப்போ கைக்குத் தெரிஞ்சிருக்கு." முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. ரச வாளிக்காரரைக் கூப்பிட்டு என் இலையில் இன்னும் இரண்டு கரண்டி ஊற்றச் சொன்னார். உப்பு கூட என்று சத்தமாகச் சொல்லிவிட்டு அதையும் குடித்தேன்.